ஒரு பெட்டி, பன்னிரண்டு கட்டை

நாடகத்துக்கு ஆர்மோனியப் பெட்டியில் பின்பாட்டு வாசிக்கிறவருக்கு ராகம் தெரிந்தால் மட்டும் பிழைப்பு ஓடாது. யாருக்கு எத்தனை கட்டை என்பது விரல் நுனியில் இருக்க வேண்டும். எங்கள் புதுக்கோட்டைச் சீமையில் திருவிழா என்றால் இன்றும் சங்கரதாஸ் சுவாமிகளின் வள்ளி திருமணம் நடக்கிறது. இரவு பத்து மணிக்கு மேல் தொடங்கினால் விடியும்வரை போகும். வேலனாக வரும் ராஜபார்ட் ஐந்து கட்டையில் பாடுகிறவர் என்று வையுங்கள். வள்ளியாக வரும் ஸ்திரீபார்ட்டுக்கு ஆறு கட்டை. தர்க்கம் சூடு பிடித்துவிட்டால் அவர் பாட்டு முடிந்த மூச்சிலேயே இந்த அம்மா எடுப்பார். நடுவில் சுருதி சேர்க்க ஒரு நொடி கிடைக்காது. பெட்டிக்காரரின் கை ஐந்திலிருந்து ஆறுக்கும் ஆறிலிருந்து ஐந்துக்கும் தாவிக்கொண்டே இருக்கும்.

கட்டைக் கணக்கு தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. கீபோர்டுக்காரர்கள் ‘சி’ என்று சொல்லும் சுரத்தை ச-வாக வைத்துப் பாடினால் ஒரு கட்டை. அடுத்தடுத்த வெள்ளைக் கட்டைகள் இரண்டு, மூன்று என்று ஏழு வரை போகும். நடுவில் வரும் கறுப்புக் கட்டைகள் ஒன்றரை, இரண்டரை, நாலரை, ஐந்தரை, ஆறரை. மொத்தம் பன்னிரண்டு. அதற்கு மேல் பழையபடி ஒன்று.

என் அப்பா அப்படி ஒரு பெட்டிக்காரர். நான் வாசித்ததைவிடப் பெட்டிகளைப் பிரித்துப் போட்டு ரீடு சுரண்டிய காலம்தான் அதிகம். கொடும்பாளூரில் மூவர் கோயில் பார்க்க வருகிறவர்கள் எங்கள் வாசலில் வழி கேட்பார்கள்; உள்ளே துருத்தி கிழிந்த ஆர்மோனியங்கள் வரிசையாகக் கிடப்பதைப் பார்த்துவிட்டு, “இதெல்லாம் இன்னும் யார் வாசிக்கிறாங்க?” என்றும் கேட்பார்கள். வாசிக்கிறார்கள்.

ஆர்மோனிய ரீடு என்பது ஒரு பித்தளைத் தகட்டில் பொருத்திய பித்தளை நாக்கு. நாக்கின் நுனியைச் சுரண்டினால் சுருதி ஏறும். அடியைச் சுரண்டினால் இறங்கும். ஒரு தடவை சுரண்டிய பித்தளையைத் திரும்ப ஒட்ட முடியாது என்பதால் கை நிதானமாக இருக்க வேண்டும். இரண்டு ரீடுகளைச் சேர்த்து ஊதவிட்டால், சேராத சுருதி ‘வா... வா... வா...’ என்று அலையடிக்கும். சேரச் சேர அலை மெதுவாகி, கடைசியில் நின்றுவிடும். அந்த அலையைக் கேட்பதுதான் இந்தத் தொழில். மற்றதெல்லாம் அரமும் பொறுமையும்.

அப்பா தன் பெட்டியை ஐந்து கட்டைக்கு இனிக்க இனிக்கச் சேர்த்து வைத்திருந்தார். அவர் வாசித்த ராஜபார்ட் ஐந்து கட்டைக்காரர். கணக்குக்கு அந்த ச-வை நொடிக்கு 240 அதிர்வு என்று வைத்துக்கொள்வோம். அலையே இல்லாமல் சேர்த்தால் ரி 270, அந்தர காந்தாரம் 300, பஞ்சமம் 360, சதுச்ருதி தைவதம் 400. எல்லாம் முழு எண்கள். காதுக்கும் அப்படித்தான், அப்பழுக்கில்லாமல் இருக்கும்.

இப்போது ஆறு கட்டைக்காரம்மா பாட வருகிறார். அவருடைய ச, ராஜபார்ட்டின் ரி. அதாவது 270. அவருக்குப் பஞ்சமம் ஒன்றரை மடங்கு, 405 வேண்டும். பெட்டியில் அந்த இடத்தில் இருப்பது ராஜபார்ட்டின் தைவதம், 400. ஐந்து அதிர்வு குறைவு. அவருடைய ச-வையும் இந்தத் தைவதத்தையும் சேர்த்துப் பிடித்தால் அவற்றின் மேல்சுரங்கள் மோதி நொடிக்குப் பத்து அலை அடிக்கும். அந்த அம்மா ஒருநாள் மேடைக்குப் பின்னால் வந்து, “அண்ணே, உங்க பெட்டி என் பஞ்சமத்தைக் கீழே இழுக்குதுண்ணே” என்றார். அப்பா, “பெட்டி இழுக்கலம்மா, கணக்கு இழுக்குது” என்று சொல்லிவிட்டு வெற்றிலையை மடித்தார். வீட்டுக்கு வந்து ரீடுப் பலகையைக் கழற்றினார்.

இந்தக் கணக்குத்தான் ஐரோப்பாவில் ஆர்கன் கட்டுகிறவர்களையும் ஹார்ப்சிகார்டு சுருதி சேர்க்கிறவர்களையும் சில நூற்றாண்டுகள் ஆட்டி வைத்தது. ச-விலிருந்து பஞ்சமம், அந்தப் பஞ்சமத்தை ச-வாக்கி அதற்கொரு பஞ்சமம் என்று பன்னிரண்டு தடவை போனால் பன்னிரண்டு கட்டையையும் தொட்டுவிட்டு, ஏழு ஸ்தாயி மேலே, கிளம்பிய ச-வுக்கே வந்துவிட வேண்டும். வருவதில்லை. 100-ல் கிளம்பினால் ஏழாவது ஸ்தாயி ச 12,800. ஒன்றரையால் பன்னிரண்டு தடவை பெருக்கினால் கிடைப்பதோ 12,974-க்கும் மேல். மிச்சம், ஓர் அரைச்சுரத்தில் கால் பங்குக்குச் சற்றுக் குறைவு. பித்தாகரஸ் பெயரில் வழங்கும் கமா இதுதான். இரண்டின் அடுக்கும் மூன்றின் அடுக்கும் ஒருநாளும் ஒன்றாகாது. எந்தத் தச்சனாலும் எந்த வித்வானாலும் இதைச் சரிசெய்ய முடியாது. எங்கே ஒளித்து வைப்பது என்பது மட்டுமே நம் கையில் இருக்கிறது.

பதினாறாம் நூற்றாண்டிலிருந்து அங்கே பரவலாக இருந்த வழி, காந்தாரத்தைக் காப்பாற்றப் பஞ்சமத்தைக் கொஞ்சம் குறைப்பது. பதினோரு பஞ்சமங்களை ஒரே அளவாகக் குறைத்துக்கொண்டே போனால் காந்தாரங்கள் தேனாக இருக்கும். ஆனால் மீதமிருக்கும் பன்னிரண்டாவது பஞ்சமம், அரைச்சுரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் கூடிப்போய் ஊளையிடும். ஓநாய் என்றே அதற்குப் பெயர் வைத்தார்கள். சில கட்டைகளில் வாசித்தால் தெரியாது. அந்தப் பக்கம் கை வைத்தால் கடிக்கும். ஆகவே பெரும்பாலானவர்கள் அந்தப் பக்கம் போகாமலே பாட்டு எழுதினார்கள். 1691-ல் ஆண்ட்ரியாஸ் வெர்க்மைஸ்டர் என்ற ஜெர்மன் ஆர்கன் கலைஞர், பஞ்சமங்களைச் சமமில்லாத அளவுகளில் குறைத்து ஓநாயைப் பல இடங்களுக்குப் பகிர்ந்துவிடும் முறைகளைப் புத்தகமாகப் போட்டார். இப்படிச் சேர்த்தால் எந்தக் கட்டையிலும் வாசிக்கலாம். ஒவ்வொரு கட்டைக்கும் ருசி மட்டும் கொஞ்சம் மாறும்.

யோகான் செபாஸ்டியன் பாக் 1722-ல் கோத்தன் நகரில் எழுதி முடித்த ‘வெல் டெம்பர்டு கிளேவியர்’ இந்த ஏற்பாட்டின் முழு நீளத்தையும் நடந்து பார்த்த புத்தகம். நன்றாகச் சுருதி பகிர்ந்த கீபோர்டுக்கு என்று தலைப்பிலேயே நிபந்தனை இருக்கிறது. ஒரு கட்டையில் தொடங்கி, ஒன்றரை, இரண்டு, இரண்டரை என்று ஏழு வரை எதையும் விடாமல் போகிறார். ஒவ்வொரு கட்டையிலும் மேஜரில் ஒன்று, மைனரில் ஒன்று. நம் காதுக்குச் சொன்னால் முன்னது சங்கராபரணத்துக்குப் பக்கம், பின்னது கீரவாணிக்குப் பக்கம். ஆக 24. ஒவ்வொன்றும் ஒரு பிரிலூடும் ஒரு ஃபியூகும் சேர்ந்த ஜோடி. ஏறத்தாழ இருபது ஆண்டு கழித்து இதேபோல் இன்னொரு 24 சேர்த்தார்.

எனக்கு இந்தப் புத்தகம் கிடைத்தது திருச்சியில். ஒரு லுத்தரன் கோயிலில் பழைய மிதி ஆர்கனைப் பழுது பார்க்கக் கூப்பிட்டிருந்தார்கள். அங்கே வாசித்துக்கொண்டிருந்த பெரியவர், ஓய்வு பெற்ற பள்ளிக்கூட வாத்தியார், நான் சேர்த்து முடித்ததும் சோதனைக்கு எதையோ வாசித்தார். எந்த ஞானப்பாட்டு என்று கேட்டேன். “இது கோயில் பாட்டு இல்ல தம்பி, பிள்ளைங்க கை பழகவும் மூளை பழகவும் எழுதினது” என்று சொல்லிப் புத்தகத்தை இரவல் கொடுத்தார். லுத்தரன் கோயிலில் அதைக் கேட்டதில் ஒரு பொருத்தமும் இருக்கிறது. ஜெர்மன் லுத்தரன் பாதிரியார் சீகன்பால்கு தரங்கம்பாடியில் வந்து இறங்கியது 1706 ஜூலை 9. அன்றைக்கு பாக் 21 வயதுப் பையன். ஆர்ன்ஸ்டாட் என்ற சிற்றூரில் கோயில் ஆர்கன் வாசித்துக்கொண்டிருந்தார். சீகன்பால்கும் அவருக்குப் பின் வந்தவர்களும் தமிழில் ஞானப்பாட்டாக்கிய ஜெர்மன் மெட்டுகளைப் போன்றவற்றைத்தான் பாக் அங்கே சபையின் பாட்டுக்கு வாசித்தார். 

பாக்கின் பிரிலூடுகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கேட்டால் பிடித்துவிடும். முதல் பிரிலூடு, ஒரு கட்டையில் வருவது, கைக்குச் சிரமமில்லாத விரல் ஓட்டம்தான். பியானோ கற்கும் பிள்ளைகள் எல்லோரும் ஒருநாள் வாசிக்கிறார்கள். இருந்தாலும் சுருதி சேர்க்கிறவன் காதுக்கு அது வேறொன்றும் சொல்லும். ஒவ்வொரு சுரக்கூட்டாக எடுத்து நிதானமாகப் பிரித்து வைக்கிறது. பெட்டி நன்றாகச் சேர்ந்திருக்கிறதா என்று பார்க்க நாங்கள் செய்வதும் கிட்டத்தட்ட அதைத்தான்.

ஃபியூகு கொஞ்சம் உட்கார்ந்து கேட்க வேண்டியது. இரண்டாவது ஃபியூகை எடுத்துக்கொள்கிறேன். ஒரு கட்டை, மைனர், மூன்று குரல், மொத்தம் 31 பார், அதாவது 31 தாளக் கட்டம். முதலில் நடுக்குரல் தனியாக வருகிறது. ச-வில் நின்று நி-யைத் தொட்டு ச-வுக்குத் திரும்பி, அங்கிருந்து கீழ்ப் பஞ்சமத்துக்குக் குதிக்கிறது. இரண்டு பார் நீளமுள்ள சின்ன மெட்டு; கேட்டவுடன் முணுமுணுக்கலாம். அது முடிந்ததும் மேல்குரல் அதே மெட்டைப் பஞ்சமத்திலிருந்து எடுக்கிறது, பஞ்சமத்தை ச-வாக வைத்துக்கொண்டதுபோல. முதலில் பாடிய குரல் வாயை மூடிக்கொள்ளவில்லை. மேலே மெட்டு ஓடும்போது அது கீழே வேறொரு மெட்டைப் பாடுகிறது, கடகடவென்று படி இறங்குகிற மாதிரி. அப்புறம் ஏழாவது பாரில் கீழ்க்குரல் வருகிறது. இப்போது மூன்று பேர். பின்பாட்டு என்று யாரும் இல்லை. மூன்றும் முன்பாட்டு.

மேல்குரல் அந்த மெட்டை அச்சு அசலாக நகலெடுக்கிறதா என்றால், இல்லை. முதல் குரல் ச-விலிருந்து கீழ்ப் பஞ்சமத்துக்குக் குதித்தது. அதே குதியைப் பஞ்சமத்திலிருந்து குதித்தால் ரி-யில் போய் விழ வேண்டும். பாக் அதை ஒரு படி கூட்டி ச-வில் விழ வைக்கிறார். அந்த இடத்தில் ரி விழுந்தால் பாட்டு சொந்த வீட்டை மறந்துவிட்டுப் பஞ்சமத்தின் வீட்டிலேயே குடியேறிவிடும். முதல் குரல் பஞ்சமத்தைச் சொன்னால் இரண்டாவது குரல் ச-வைச் சொல்ல வேண்டும் என்பது ஏற்பாடு. ஒரே ஒரு சுரம்தான் மாறுகிறது. இதைக் கண்டுபிடிக்க எனக்குப் பென்சிலும் தாளும் தேவைப்பட்டன.

இன்னொன்று. பின்னால் போகப் போக, கீழே இருந்த மெட்டு மேலே போகிறது, மேலே இருந்தது கீழே வருகிறது. எப்படி மாற்றி அடுக்கினாலும் பொருந்த வேண்டும். சொல்வது சுலபம். ச-வுக்கு மேலே இருக்கும் பஞ்சமத்தை ச-வுக்குக் கீழே தள்ளிப் பாருங்கள்: பஞ்சமத்திலிருந்து ச-வுக்கு உள்ள தூரம் மத்யமத்தின் தூரம். அந்தக் காலத்து இலக்கணப்படி அடிக்குரலுக்கு மேலே மத்யம தூரம் வந்தால் உறுத்தல். உடனே அவிழ்க்க வேண்டும். ஆகவே புரட்டிப் போடப்போகும் மெட்டுகளை எழுதும்போதே, எங்கே பஞ்சமத்தில் சந்திக்கின்றன என்று பார்த்து நடக்க வேண்டும். எங்கள் ஊர் மூவர் கோயிலில் மூன்றாவது விமானத்தின் அடித்தளம் மட்டும்தான் மிச்சம். ஆனால் நிற்கிற இரண்டையும் பார்த்தால் மூன்றாவது எந்த உயரம், எந்த அகலம் என்று சொல்லிவிடலாம். இந்த ஃபியூகில் ஒரு குரலை மூடிவிட்டு மற்ற இரண்டை வாசித்தாலும் அப்படித்தான். விடுபட்டது நின்ற இடம் தெரிகிறது.

சுருதிக்கும் இந்தக் குரல் விளையாட்டுக்கும் என்ன தொடர்பு? நான் இத்தனை காலம் ரீடு சுரண்டியதில் தெரிந்துகொண்டது இதைத்தான். நம் கச்சேரியில் பாடகர் தம்பூராவோடு சேர்ந்து நிற்கிறார். தம்பூரா நகராது. ஒவ்வொரு சுரமும் அந்த ஒரே ச-வோடு எப்படிச் சேர்கிறது என்பதுதான் கேள்வி. ரி-க்கும் த-வுக்கும் நடுவில் ஐந்து அதிர்வு குறைந்தால் யாருக்கு நஷ்டம்? அவை இரண்டும் ஒரே நேரத்தில் ஒலிக்கப்போவதில்லை. ஃபியூகில் தம்பூரா கிடையாது. ஒவ்வொரு குரலும் மற்றக் குரலுக்குத் தம்பூரா, அந்தத் தம்பூராவும் நடந்துகொண்டே இருக்கிறது. ஒரு பாரில் ரி-யும் த-வும் சேர்ந்து ஒலிக்கும், அடுத்த பாரில் க-வும் நி-யும். பெட்டியில் இருக்கும் எந்த இரண்டு சுரமும் எந்த நேரத்திலும் முகத்துக்கு முகம் சந்திக்கலாம். அதனால் எந்த ஜோடிக்கும் முழு இனிமை கொடுக்க முடியாது, எந்த ஜோடியையும் ஊளையிட விடவும் முடியாது. ராஜபார்ட்டும் ஸ்திரீபார்ட்டும் மாறி மாறிப் பாடினார்கள். அதற்கே அப்பா பலகையைக் கழற்றினார். இங்கே இருவரும் ஒரே நேரத்தில் பாடுகிறார்கள்.

அப்பாவிடம் இருந்தது கால் பெட்டி. துருத்தியைக் காலால் மிதிப்பதால் இரண்டு கையும் சும்மா இருக்கும். அதில்தான் இந்த ஃபியூகை எழுத்துக் கூட்டி வாசித்தேன். பியானோவில் சுரம் தட்டியவுடன் கரைந்துவிடுகிறது. ரீடில் விரல் எடுக்கும்வரை நிற்கிறது. குரல்கள் ஒன்றையொன்று உரசுவது பச்சையாகத் தெரியும். ஃபியூகு மைனரில் போய், கடைசிக் கூட்டில் மட்டும் சாதாரண காந்தாரத்துக்குப் பதில் அந்தர காந்தாரத்தை வைத்து முடிக்கிறார். ஸ்தாயியைப் பன்னிரண்டு சம பங்காகப் பிரிக்கும் இன்றைய சம சுருதிப் பெட்டியில் அந்தக் காந்தாரம் அலையடிக்கிறது. ச 240 என்றால் 300 இருக்க வேண்டியது, 302.4-ல் இருக்கிறது. நொடிக்கு ஒன்பது பத்து அலை. அதே பெட்டியில் பஞ்சமம் 359.6, அது ஒரு நொடிக்கு ஓர் அலைகூட அடிப்பதில்லை. சம சுருதியில் பஞ்சமத்துக்குச் சேதம் இல்லை என்றே சொல்லலாம். அடிபட்டது காந்தாரம்.

பாக் சம சுருதிதான் வைத்திருந்தார் என்று பள்ளிப் புத்தகங்களில் இன்னும் எழுதுகிறார்கள். அப்படியிருக்க வாய்ப்புக் குறைவு என்பதே இன்று பல ஆய்வாளர்களின் கருத்து. அவர் என்ன அளவு வைத்தார் என்று எங்கும் எண் எழுதி வைக்கவில்லை. அவருடைய மாணவர் கிர்ன்பெர்கர் வாயிலாகத் தெரிவது, எல்லா மேஜர் காந்தாரங்களையும் சற்றுக் கூட்டியே வைக்கச் சொன்னார் என்பது. 1802-ல் வாழ்க்கை வரலாறு எழுதிய ஃபோர்க்கெல், பாக் ஒரு ஹார்ப்சிகார்டைச் சேர்க்கக் கால் மணி நேரத்துக்கு மேல் எடுத்ததில்லை என்கிறார். தந்தி முளையைத் திருகுகிறவருக்கு அது நடக்கும். பித்தளை சுரண்டுகிறவனிடம் சொன்னால் பெருமூச்சுத்தான் வரும். 2005-ல் பிராட்லி லேமன் என்ற அமெரிக்கர், 1722 கையெழுத்துப் பிரதியின் தலைப்புப் பக்கத்தில் மேலே ஓடும் சுழிக்கோலத்தைத் தலைகீழாகப் பிடித்து, ஒவ்வொரு சுழியும் ஒரு பஞ்சமத்தை எவ்வளவு குறைக்க வேண்டும் என்ற குறிப்பு என்றார். பலர் ஏற்கவில்லை. எனக்கும் அது அலங்காரக் கிறுக்கல் என்றே படுகிறது. ஆனால் அவர் சொன்ன அளவில் சேர்த்தால் கேட்க நன்றாக இருக்கிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

நம் பக்கத்தில் இந்த வட்டம் மூடாத கணக்கோடு மல்லுக்கட்டியவர் தஞ்சாவூர் ஆபிரகாம் பண்டிதர். 1859-ல் தென்காசிப் பக்கம் சாம்பவர் வடகரையில் பிறந்து, சித்த வைத்தியத்தில் பேரும் பொருளும் சேர்த்தவர். வைத்தியத்தில் வந்த பணத்தை இசையில் போட்டார். 1912-ல் சங்கீத வித்யா மகாஜன சங்கத்தைத் தொடங்கித் தம் செலவில் மாநாடுகள் நடத்தினார். 1917-ல் வந்த அவருடைய ‘கருணாமிர்த சாகரம்’ தலையணை கனம். பஞ்சமம் பஞ்சமமாகப் போனால் வட்டம் மூடவில்லையே, பிறகெப்படி ஸ்தாயியை அந்த அளவில் பிரிப்பது என்பது அவர் விடாமல் கேட்ட கேள்வி. சிலப்பதிகாரத்தில் பன்னிரண்டு ராசி வட்டத்தில் ஏழு சுரங்களை நிறுத்திப் பாலை எனப்படும் சுர அமைப்புகளைப் பிறப்பிக்கும் முறை இருக்கிறது. ஆய்ச்சியர் வட்டமாக நின்று ஆளுக்கொரு சுரமாக ஆடுவதும் அதில்தான். அதை வைத்துக்கொண்டு, தமிழர் ஸ்தாயியைச் சமமான 12 ஆகவும், அதன் பாதியாகச் சமமான 24 சுருதி ஆகவும் பிரித்தார்கள் என்று அவர் வாதாடினார். 1916-ல் பரோடாவில் நடந்த அகில இந்திய இசை மாநாட்டில் ஸ்தாயிக்கு 22 சுருதி என்ற கட்சியைச் சேர்ந்த தேவலும் கிளெமென்ட்ஸும் அதற்காகத் தனியாகச் செய்த ஆர்மோனியத்தோடு வந்திருந்தார்கள். பண்டிதர் அதை மறுத்துப் பேசினார். அவர் மகள்களும் உடன் போய் வாசித்துக் காட்டினார்கள்.

பண்டிதர் மேல் எனக்கு மரியாதை அதிகம். அவர் முடிவோடு மட்டும் முழுக்க ஒத்துப்போக முடியவில்லை. நன்றாகச் சேர்ந்த தம்பூராவின் அடித் தந்தியை மீட்டிக் காது கொடுங்கள். யாரும் தொடாமலே ஓர் அந்தர காந்தாரம் மேலே மிதக்கும். அது 300, 302.4 அல்ல. ஒரே ச-வில் நின்று பாடுகிறவருக்கு வட்டம் மூட வேண்டிய தேவையே இல்லை. கட்டை மாறி மாறி வாசிக்கிற பெட்டிக்குத்தான் அது தேவை. பண்டிதர் சொன்ன விடை பாடகர்களுக்குப் பொருந்தாமல் இருக்கலாம், பின்பாட்டுக்காரர்களுக்கு அச்சாகப் பொருந்தும். கடைசியில் என் அப்பா செய்ததும் அதுதான்: ஆறு கட்டைக்காரம்மாவின் பஞ்சமத்தை 400-லிருந்து ஏற்றினார், ராஜபார்ட்டின் தைவதம் கொஞ்சம் கூடிப்போயிற்று, அவர் கவனிக்கவில்லை. கவனித்திருந்தாலும் வேலன் வேடத்தில் மேடையில் இருந்தபோது என்ன செய்திருக்க முடியும்?

சுருதி வழக்கு எங்கள் பக்கத்துக் கல்லிலும் உண்டு. கொடும்பாளூரிலிருந்து விராலிமலை, இலுப்பூர், அன்னவாசல் என்று போனால் குடுமியான்மலை. சிகாநாதர் கோயிலில் குடைவரைக்குப் பக்கத்துப் பாறையில், சுவர் அகலத்துக்கு, கிரந்த எழுத்தில் சுரங்களாகவே ஒரு கல்வெட்டு. ஏழாம் நூற்றாண்டு எழுத்து என்கிறார்கள். மகேந்திரவர்மப் பல்லவன் வெட்டியது என்று நெடுங்காலம் சொல்லிவந்தார்கள். இன்று அது அவ்வளவு உறுதியாகச் சொல்லப்படுவதில்லை. ருத்ராசாரியாரின் சீடரான ஓர் அரசர், மாணவர்களின் நன்மைக்காகச் செய்தது என்பது மட்டும் கல்லிலேயே இருக்கிறது. ஏழு கிராம ராகங்கள், ஒவ்வொன்றுக்கும் நான்கு நான்கு சுரமாகத் தொகுத்த வரிகள். ஒவ்வொரு சுர எழுத்தும் அ, இ, உ, எ என்று நான்கு உயிரொலிகளில் மாறுகிறது. அந்த உயிரொலிகள் சுருதி வேறுபாட்டைக் குறிக்கின்றனவா, வாசிக்கும் முறையைக் குறிக்கின்றனவா என்று அறிஞர்களுக்குள் இன்னும் வழக்கு நடக்கிறது.  பாக்கும் 1722 தலைப்புப் பக்கத்தில், கற்க விரும்பும் இளைஞர்களின் பயனுக்கு என்றுதான் எழுதினார். இரண்டுமே பாடப்புத்தகம். ஒன்று ஒற்றைக் குரலுக்கு ஏழு ராகத்தில் எத்தனை வழி உண்டு என்று பார்க்கிறது, மற்றது பல குரல்கள் சேர்ந்து நடக்கப் பன்னிரண்டு கட்டையிலும் இடம் உண்டா என்று பார்க்கிறது. குடுமியான்மலைக் கல்லின் முன்னால் நின்று கவுண்டர்பாயிண்ட் என்ற குரல் பின்னலைத் தேடுவது வீண். கோயிலுக்குப் போய்ச் சாம்பார் கேட்கிற கதை.

கல்லை விட்டுப் பெட்டிக்கு வருவோம். ஆர்மோனியத்தின் சம சுருதிதான் அதற்கு வினையாகவும் வந்தது. 1940-ல் அகில இந்திய வானொலி ஆர்மோனியத்தைத் தடை செய்தது. கமகம் வராது, சுருதி அந்நியம் என்பவை முக்கியக் குற்றச்சாட்டுகள். இரண்டும் உண்மை. 1971-ல்தான் தடை தளர்ந்தது. நாடகக்காரர்களுக்கு அதனால் ஒரு நஷ்டமும் இல்லை, வானொலியில் யார் எங்களைக் கூப்பிட்டார்கள்?

குரல்களைப் பின்னி நடத்துவதைத் தமிழ்க் காது பழகிக்கொண்டது சினிமா வழியாக. 1978-ல் வந்த ‘சிட்டுக்குருவி’ படத்தில் ‘என் கண்மணி’ பாட்டைக் கேளுங்கள். எஸ்.பி. பாலசுப்பிரமணியமும் பி. சுசீலாவும் ஒருவர் முடிக்க ஒருவர் எடுப்பதில்லை. ஒருவர் வரிக்குள் இன்னொருவர் வரி நுழைந்து உட்காருகிறது. அந்தப் பாட்டுக்கு இசையமைத்த இளையராஜா 1986-ல் தியாகராஜருக்கும் பாக்குக்கும் காணிக்கையாக வெளியிட்ட ‘ஹவ் டு நேம் இட்’ தொகுப்பில் ஒரு ஃபியூகே இருக்கிறது. அந்தக் கேசட்டை எங்கள் பட்டறையில் அப்பாவுக்குப் போட்டுக் காட்டினேன். “எல்லாரும் ஒண்ணா பேசுறாங்க, ஆனா சண்டை இல்ல” என்றார்.

இப்போது நாடகங்களில் கீபோர்டு வந்துவிட்டது. ஒரு பொத்தானை அமுக்கினால் ஐந்து கட்டை ஆறாகிவிடுகிறது, பன்னிரண்டிலும் ஒரே ருசி. என்னிடம் வருவது பஜனை மடத்துப் பெட்டிகளும் சில பழைய வித்வான்களின் பெட்டிகளும்தான். அவர்களில் சிலர் இன்னமும், “ஐந்து கட்டைக்கு மட்டும் இனிக்க வச்சிக் குடுங்கண்ணே” என்று கேட்கிறார்கள். வைத்துக் கொடுக்கிறேன். வேறு கட்டைக்குப் போகக் கூடாது என்று சொல்லியும் அனுப்புகிறேன்.

பாக்கைப் புதிதாகக் கேட்கப் போகிறவர்கள் ஐந்து குரல் ஃபியூகில் போய் விழ வேண்டாம். முதல் புத்தகத்தில் நாலாவது அப்படிப்பட்டது, கடைசிக்கு வைத்துக்கொள்ளலாம். பத்தாவது, மூன்று கட்டை மைனரில் வருவது, முதல் புத்தகத்திலேயே இரண்டு குரலில் எழுதிய ஒரே ஃபியூகு. இரண்டு காதுக்கு இரண்டு குரல், தொலைந்து போக மாட்டீர்கள். அதில் 19-வது பாரிலும் 38-வது பாரிலும் ஒரு விசித்திரம் இருக்கிறது. அதுவரை தனித்தனியாக ஓடிய இரண்டு குரலும் திடீரென்று ஒரே மெட்டை, ஸ்தாயி வித்தியாசத்தில், ஒன்றாக வாசிக்கின்றன. கவுண்டர்பாயிண்ட் வாத்தியார் பார்த்தால் சிவப்பு மையால் அடித்துவிடுவார்; மாணவர்களுக்கு அது தடை. ஏன் அப்படி எழுதினார் என்று பாக் எங்கும் சொல்லவில்லை. என் தொழில் புத்திக்குத் தோன்றும் காரணம் ஒன்று உண்டு. எந்த முறையில் சுருதி பகிர்ந்தாலும் எங்கோ ஒரு காந்தாரமோ பஞ்சமமோ கூடும் அல்லது குறையும், ஸ்தாயிக்கு மட்டும் யாரும் கை வைப்பதில்லை. எல்லா இடத்திலும் அலை இல்லாமல் நிற்கும் தூரம் அது ஒன்றுதான். நல்ல பெட்டியில் அந்த இரண்டு பாரையும் வாசித்துப் பாருங்கள். அலை நின்றுபோவது கேட்கும். அடுத்த பாரில் குரல்கள் மறுபடி பிரிந்துவிடும்.